இடியப்ப உரலின் பிடி முறிந்தால் பசையை நம்பாதீர்கள்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அம்மாவின் பழைய பித்தளை இடியப்ப உரல், அதன் கீழ்த் துண்டில் ஒரு பக்கப் பிடி உடலில் இருந்து மூன்று சென்ரிமீற்றர் தள்ளி முறிந்துவிட்டது. இரண்டு குழாயில் வரும் எபொக்சிப் பசையைக் கலந்து ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டார், முதல் நாள் தாங்கியது, அடுத்த நாள் பிழியும்போது பிடி கையோடு வந்துவிட்டது. வீட்டில் வைஸ், கை ட்ரில், அரம், சுத்தியல், சின்னக் காஸ் டோர்ச் எல்லாம் இருக்கின்றன, வெல்டிங் மெஷின் இல்லை. வெல்டிங் கடையில் கொடுப்பதா, வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா என்பதுதான் கேள்வி.

வீட்டிலேயே செய்யலாம் தம்பி, வெல்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஆனால் பசை ஏன் விட்டது என்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் விலை கூடிய பசை ஒன்றை வாங்கி அதையே திரும்பச் செய்வீர்கள்.

இடியப்பம் பிழியும்போது கை என்ன செய்கிறது என்று பாருங்கள். உள்ளங்கை மேல் பிடியைக் கீழே அமத்துகிறது, விரல்கள் கீழ்ப் பிடியை மேலே இழுக்கின்றன. நடுவில் மா உரலைக் கீழே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதனால் கீழ்த் துண்டின் பிடி ஒவ்வொரு பிழிவிலும் மேல்நோக்கி வளையப் பார்க்கிறது. வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் நெருக்கப்படும். ஒரு கைக்கு 15 கிலோ அளவு விசை என்று வைத்துக்கொள்ளுங்கள், கை பிடிக்கும் இடம் முறிவில் இருந்து 8 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது, பிடியின் உயரமோ ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான். இது ஒரு நெம்புகோல், இழுபடும் பாதிக்கும் நெருக்கப்படும் பாதிக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் கிடைக்கும். கணக்குப் போட்டால் முறிவின் அடிப்பக்கத்தை இழுக்கிற விசை 120 கிலோவுக்குக் கிட்ட வரும். அதுவும் முழு முகத்திலும் சமமாகப் பரவுவதில்லை, அடி விளிம்பில்தான் உச்சம். பசை இரண்டு தட்டையான முகங்களைப் பக்கவாட்டில் சறுக்காமல் பிடித்து வைப்பதில் கெட்டி, ஆனால் விளிம்பில் இருந்து உரிப்பதுபோல் இழுத்தால் அதற்குத் தாங்க ஏலாது. போதாக்குறைக்குக் கொதிதண்ணீர் விட்டுக் குழைத்த மா, பிறகு சுடுதண்ணீரில் கழுவல். சாதாரண எபொக்சி 50, 60 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கிவிடும். உங்கள் ஒட்டில் ஒரு குறையும் இல்லை, அந்த இடத்தில் எந்தப் பசையும் நிற்காது.

ஆகவே முறிந்த முகத்தை மறந்துவிடுங்கள். செய்ய வேண்டியது, பாரத்தை அந்த முறிவுக்குள்ளால் போக விடாமல் அதைத் தாண்டி வேறு வழியால் கொண்டுபோவது. கை முறிந்தவருக்கு மட்டை வைத்துக் கட்டுவார்களே, அதேதான்.

தொடங்கும் முன் முறிந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது: மேல் பாதி புது மஞ்சளாக, சீனி உடைத்ததுபோல் மினுங்குகிறது, அடிப் பாதி கறுத்துப்போய்க் கிடக்கிறது. கறுத்த பாகம் இப்போது முறிந்ததல்ல. அங்கே எப்போதோ வெடிப்பு விழுந்து, ஈரமும் மாவும் உள்ளே போய், ஒவ்வொரு இடியப்பத்துக்கும் மயிரிழை மயிரிழையாக மேலே ஏறி வந்திருக்கிறது. கடைசியில் மிச்சமிருந்த பாதியால் தாங்க முடியாமல் போன நாளில் முறிந்திருக்கிறது. வெடிப்பு அடிப்பக்கத்தில் தொடங்கியிருப்பது மேலே சொன்ன கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. அம்மா கீழே போட்டுத்தான் முறிந்தது என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தக் கறுப்பு ஒரு நாளில் வந்ததல்ல. முகத்தில் ஊசி முனை அளவில் குழிகள் தெரிந்தால் அவை வார்க்கும்போது அகப்பட்ட காற்றுப் புரைகள், வார்ப்புப் பித்தளையில் அவை சாதாரணம். ஆனால் கறுத்த இடத்தில் செம்பு நிறமாக, இளஞ்சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் பித்தளையில் இருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறி வெறும் செம்பு பஞ்சுபோல் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். உப்புக் காற்று வீசும் எங்கள் ஊரில் இது நடக்கும். அப்படியென்றால் அந்த இடத்தை அரத்தால் தேய்த்து நல்ல மஞ்சள் உலோகம் வரும்வரை போக வேண்டும், பஞ்சான இடத்தில் துளை போட்டால் றிவிட் (துளைக்குள் விட்டு இரண்டு முனையையும் அடித்து விரிக்கும் ஆணி) நிற்காது.

பித்தளைக்கு இன்னொரு பகை அமோனியா. பிரித்தானியர் இந்தியாவில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன, அவற்றைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்தில் இருந்து வந்த அமோனியாவும், உலோகத்துக்குள் ஏற்கெனவே இருந்த இழுவிசையும் சேர்ந்துதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். அதனால் கண்ணாடி துடைக்கிற அமோனியா கலந்த திரவத்தால் பித்தளைச் சாமானை மினுக்காதீர்கள். புளியும் சாம்பலும் போதும், புளி பூசினால் உடனே நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

சரி, வெல்டிங் ஏன் வேண்டாம் என்கிறேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். பித்தளை உருகுவது ஏறக்குறைய 900 பாகையில், துத்தநாகம் கொதிப்பது 907 பாகையில். அதாவது பித்தளையை உருக்கி ஒட்டப் போனால் அதே சூட்டில் துத்தநாகம் ஆவியாகி வெள்ளைப் புகையாக எழும்பும். ஒட்டு முழுக்கக் குமிழியும் ஓட்டையும்தான் மிஞ்சும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும், வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய வார்ப்புப் பித்தளையில் கொஞ்சம் ஈயமும் கலந்திருக்கும், அது சூட்டில் இன்னும் கெடுதல். கேற்றும் கிறில்லும் ஒட்டுகிற கடையில், இரும்புக்கு வைத்த கம்பியால் பித்தளை உரலை ஒட்ட முயன்று உடலையே ஓட்டையாக்கித் தந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது எங்கள் சின்னம்மாவின் உரல், அதற்குப் பிறகு அதைத் திருத்த வழியே இல்லாமல் போய்விட்டது. தொழில் தெரியாதவர் என்று சொல்லவில்லை, இரும்பில் அவர் கெட்டிக்காரர், பித்தளை அவருடைய உலோகம் அல்ல.

வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டுவது வேறு கதை, அது நல்ல ஒட்டு. வெள்ளி 55 வீதம் அளவில் உள்ள கம்பி 620இல் இருந்து 650 பாகைக்குள் உருகிவிடும், பித்தளை உருகாது. ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, பித்தளை சூட்டை இரும்பைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கடத்தும், நீங்கள் பிடியைச் சூடாக்கினால் முழு உரலும் சேர்ந்து சூட்டைக் குடிக்கும். உங்கள் சின்னக் காஸ் டோர்ச்சால் அந்தப் பெரிய உலோகத்தை 650 பாகைக்குக் கொண்டுவர முடியாது, சுற்றிவரச் செங்கல் அடுக்கினாலும் கஷ்டம். பத்தரிடம் கொண்டுபோனாலும் அவருடைய ஊதுகுழல் தாலிக்கொடிக்குப் போதும், மூன்று கிலோ உரலுக்குப் போதாது. இரண்டு, பழைய வெள்ளிக் கம்பிகள் சிலவற்றில் கட்மியம் இருக்கும், அதன் புகை நஞ்சு, அந்தக் கம்பி சமையல் பாத்திரத்துக்கு ஆகவே ஆகாது. வயர் ஒட்டுகிற ஈயக் கம்பி இருக்கிறதே, 183 பாகையில் உருகும் அது, அதையும் இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். மெதுமையானது, பாரம் தாங்காது, ஈயம் சாப்பாட்டுச் சாமானில் இருக்கவும் கூடாது.

ஆகவே பட்டையும் றிவிட்டும். பிடியின் இரண்டு பக்கமும் பித்தளைப் பட்டை ஒவ்வொன்று, முறிவைத் தாண்டி உடல் பக்கம் இரண்டு றிவிட், கைப் பக்கம் இரண்டு றிவிட். மேலே சொன்ன அதே 15 கிலோவை இப்போது கணக்குப் பாருங்கள். றிவிட் இரண்டுக்கும் இடையில் 18 மில்லிமீற்றர் இருந்தால் ஒன்றுக்குக் கூடினால் 90 கிலோ அளவில்தான் வரும். இரண்டு பக்கமும் பட்டை இருப்பதால் ஒரு றிவிட் அறுந்துபோக வேண்டுமென்றால் இரண்டு இடத்தில் அறுபட வேண்டும், 4 மில்லிமீற்றர் பித்தளைத் தண்டு அதைப்போல் பல மடங்கு தாங்கும். முறிந்த முகத்துக்கு வேலையே இல்லை.

பட்டை 3 மில்லிமீற்றர் தடிப்பு, பிடியின் உயரம் அளவு அகலம், எட்டுச் சென்ரிமீற்றர் நீளம். பழைய பித்தளைத் தாழ்ப்பாள், பழைய கப்பல் சாமான் விற்கும் இடம், எங்கே கிடைத்தாலும் சரி, புதிதாக வாங்கத் தேவையில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையும் நல்லது, துளைக்க மட்டும் கொஞ்சம் கடினம். இரும்பு வேண்டாம். அலுமினியமும் வேண்டாம், குறிப்பாகக் கடைகளில் விற்கிற அலுமினியப் பொப் றிவிட். திருக்கடலூரில் எங்கள் மாமி வீட்டு உரலுக்கு நான் முதன்முதலில் அதைத்தான் அடித்தேன், அன்றைக்கு நல்ல இறுக்கம். வீடு கடற்கரையில் இருந்து கல்லெறி தூரம். இரண்டு வாடைக்காலம் போனபிறகு பார்த்தால் றிவிட் தலையைச் சுற்றி வெள்ளைத் தூள், பிடி கடகடவென்று ஆடுகிறது. உப்பு ஈரத்தில் பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. இரும்பு ஆணியும் இதே கதைதான், கறள் பிடித்து வீங்கித் துளையையே வெடிக்க வைக்கும். கண்டி, பதுளைப் பக்கம் இருக்கிறவர் இதைப் பெரிதாக எடுக்க மாட்டார், திருகோணமலையில் எடுத்தே ஆக வேண்டும்.

முறிந்த முகங்களில் ஒட்டியிருக்கும் பழைய பசையை முதலில் முழுவதும் எடுங்கள். டோர்ச்சால் லேசாகச் சூடாக்கினால் இளகும், யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், பிறகு கம்பித் தூரிகை. துத்தநாகம் போன இடம் இல்லையென்றால் முகத்தை அரத்தால் தேய்க்கவே வேண்டாம், அந்தக் கரடுமுரடுதான் இரண்டு துண்டும் சரியான கோணத்தில் வந்து உட்காருவதற்கு உங்களுக்கு இருக்கிற ஒரே வழிகாட்டி. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு இடத்தில் 'டக்' என்று உட்காரும், மயிரிழை கூடத் தெரியாது. அந்த நிலையில் நிறுத்தி வைக்க மட்டும் உங்கள் எபொக்சியைக் கொஞ்சம் தொட்டு ஒட்டுங்கள், இப்போது அது துளைபோடும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். காய்ந்ததும் மேல் துண்டை உள்ளே விட்டு இரண்டு பிடிகளும் ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வருகிறதா என்று பாருங்கள். இங்கே சரிந்திருந்தால் பிறகு எதுவும் செய்ய முடியாது.

அப்புறம் பிடியின் இரண்டு பக்கத்தையும் தட்டை அரத்தால் தேய்த்துப் பட்டை முழுக்கப் படிய வையுங்கள். பட்டைக்கும் பிடிக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. பட்டையின் உடல்பக்க முனையை உரலின் வளைவுக்கு ஏற்ற மாதிரி வளைவாக அரவிக்கொள்ளுங்கள், மேல் விளிம்பு பிடியைவிட உயர்ந்துவிடாமல் பாருங்கள், உயர்ந்தால் மேல் பிடி இடித்து மாவைக் கடைசிவரை பிழிய விடாது.

துளை போடுவதுதான் வேலையின் உயிர். துளைகள் எல்லாம் பிடியின் உயரத்துக்குச் சரி நடுவில் ஒரு கோட்டில் வர வேண்டும். ஏனென்றால் வளையும்போது இழுபடுவது அடிப்பக்கம், நெருக்கப்படுவது மேல்பக்கம், நடுக்கோட்டில் இரண்டும் இல்லை, அங்கே துளைத்தால் பிடி பலம் இழப்பது மிகக் குறைவு. ஆசைப்பட்டு ஆறாவது, எட்டாவது றிவிட் எல்லாம் அடிக்காதீர்கள், நான்கு போதும். முறிவுக்குப் பத்து மில்லிமீற்றருக்குக் கிட்டத் துளை வரவும் வேண்டாம்.

பித்தளையைத் துளைக்கும்போது ஒரு ஆபத்து உண்டு, இதைக் கவனமாக வாசியுங்கள். மரத்துக்கும் இரும்புக்கும் தீட்டிய கூரான ட்ரில் அலகு பித்தளைக்குள் திருகாணிபோல் தானாக இறங்கப் பார்க்கும். மறுபக்கம் வெளியே வருகிற கணத்தில் வெடுக்கென்று கவ்வும், உரலையே உங்கள் கையில் இருந்து பிடுங்கிச் சுழற்றும், அல்லது அலகு முறியும். அதற்கு மருந்து எளிது: அலகின் இரண்டு வெட்டு விளிம்புகளிலும் சின்ன எண்ணெய்க் கல்லால் நிமிர்த்தி இரண்டு இழுப்பு, கூர் கொஞ்சம் மழுங்கி ஒரு வெள்ளிக்கோடு மாதிரி தட்டையான முகம் தெரியும். அவ்வளவுதான். இப்போது அது கவ்வாமல் சுரண்டும், தூள் ஊசிபோல் மஞ்சளாகக் கொட்டும். முதலில் 2 மில்லிமீற்றர் அலகு, பிறகு 4.1 அல்லது 4.2. உரலை வைஸில் பலகைத் துண்டுகளுக்கு இடையில் இறுக்குங்கள், உருளையைச் சுற்றி இறுக்கினால் அது நசுங்கி நீள்வட்டமாகிவிடும், பிறகு மேல் துண்டு உள்ளே போகாது. பிடியில்தான் இறுக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பித்தளைத் தூள் கண்ணில் விழுந்தால் காந்தத்தால் எடுக்கவும் முடியாது.

ஒரு துளை போட்டு அதில் தண்டை நுழைத்து வைத்துவிட்டு அடுத்த துளையைப் போடுங்கள். நான்கையும் போட்டுவிட்டுக் கடைசியில் தண்டு நுழைக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று அரை மில்லி விலகி நிற்கும்.

றிவிட்டுக்கு 4 மில்லிமீற்றர் பித்தளைத் தண்டு. வாங்கியபடியே அடித்தால் தலை வெடிக்கும், முதலில் டோர்ச்சில் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள், தண்ணீரில் போட்டாலும் பரவாயில்லை, இரும்பைப்போல் பித்தளை அதனால் இறுகாது. சூட்டு நிறம் பகல் வெளிச்சத்தில் தெரியாது, நிழலில் வைத்துப் பாருங்கள். பட்டையின் வெளிப்பக்கத் துளை வாயைப் பெரிய அலகால் கொஞ்சம் குழிவாக்கிக்கொள்ளுங்கள். தண்டு ஒவ்வொரு பக்கமும் நான்கு, ஐந்து மில்லிமீற்றர் வெளியே நிற்க வேண்டும். கீழே பாரமான இரும்பு ஒன்றைக் கொடுத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் நடுவில் ஓங்கி அடிக்காமல் விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்னத் தட்டு. தண்டு முதலில் துளைக்குள் பருத்து இறுகும், பிறகுதான் தலை காளான்போல் விரியும். சத்தத்தைக் கேளுங்கள்: தளர்வாக இருக்கும்வரை 'தட் தட்' என்று கேட்கும், இறுகியதும் முழு உரலும் சேர்ந்து மணிபோல் ஒலிக்கும். அந்த ஒலி வந்த பிறகு இன்னும் நாலு தட்டு, அதோடு நிறுத்துங்கள். தலையை அரத்தால் மட்டம் செய்து, பட்டையின் விளிம்பு எல்லாவற்றையும் எமரித் தாளால் உருட்டிவிடுங்கள். இது அம்மாவின் விரல் அழுத்துகிற இடம், கூர் விளிம்பு இருந்தால் நீங்கள் எவ்வளவு உறுதியாகச் செய்திருந்தாலும் உரல் பரணுக்குத்தான் போகும்.

உருண்டைப் பிடியாக இருந்தால் பட்டை படியாது, நடுவில் ஆறு மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் மரைத் தண்டு விட வேண்டும். அதற்கு 5 மில்லிமீற்றர் துளை, பிறகு மரை வெட்டல். இரண்டு பக்கத் துளையும் நேர்கோட்டில் வர, உடல் பக்கம் துளைத்து, கூர் முனை அரவிய துண்டு ஆணி ஒன்றை முனை கொஞ்சம் வெளியே நீட்ட உள்ளே வைத்து, பிடியைச் சரியாக உட்காரவைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள், மற்றப் பக்கத்தின் நடுப்புள்ளி தானாக விழும். மரை இல்லாத வழுவழுப்பான ஐந்து மில்லித் தண்டை வைத்துப் பசையால் ஒட்டினால் அது வளைந்துவிடும். பிடி உடலோடு சேர்ந்த வேரிலேயே முறிந்திருந்தால் றிவிட் அடிக்க இடம் இல்லை, உருளைச் சுவருக்குள் துளைத்தால் மேல் துண்டில் இடிக்கும். அப்போது உரலைச் சுற்றி ஒரு ஸ்டெயின்லெஸ் வளையப் பட்டை போட்டு, பிடியை அந்த வளையத்தில் பொருத்துவதுதான் வழி, அதற்கு ஒரு லேத் பட்டறையின் உதவி தேவைப்படும்.

முடிந்ததும் மாவில் பரீட்சை வேண்டாம். உடலை உறுதியாகக் கட்டி, பிடியின் அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி கவிழ்த்து வைத்து, கை பிடிக்கும் இடத்தில் 20 லீற்றர் தண்ணீர் வாளியைத் தொங்கவிடுங்கள், 20 கிலோ. பத்து நிமிடம் விட்டு முறிவுக் கோட்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வாய் திறந்திருந்தால் நகம் தடக்கும். தடக்கவில்லை என்றால் வேலை சரி. அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள், மாவை ஆறவிட்டுப் பிழிந்தால் இறுகிவிடும், கைக்கு இரண்டு மடங்கு வேலை, பிடிக்கும் இரண்டு மடங்கு பாரம். சூட்டோடு பிழிவது இடியப்பத்துக்கும் நல்லது.

இன்னொன்று. அந்த உரலின் மற்றக் கீழ்ப் பிடியும் அதே நாளில் வார்த்தது, இத்தனை வருடமும் அதே பாரத்தைத்தான் சுமந்தது. அதன் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மண்ணெண்ணெய் பூசிக் கால் மணித்தியாலம் விட்டு, துணியால் முழுவதும் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளைத் தூவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் ஊறி வந்து வெள்ளைத் தூளில் ஒரு கறுத்த கோடு விழும். பழைய ரயில் பட்டறைகளில் அச்சுகளை இப்படித்தான் எண்ணெயும் சுண்ணமும் வைத்துச் சோதித்தார்கள். கோடு விழுந்தால், முறியும்வரை காத்திராமல், வைஸும் ட்ரில்லும் வெளியே இருக்கும்போதே அந்தப் பக்கத்துக்கும் இரண்டு பட்டை அடித்துவிடுங்கள். கோட்டோடு ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள், எங்கே துளைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.